இரண்டரைத் தண்ணீர்

கல்லூரி என்னைச் சேர்த்துக்கொண்டது ஜூலையில்.
ஊர் இன்னும் யோசிக்கிறது.

தண்டையார்பேட்டையில் தோழியின் பெரியம்மா வீட்டில்
பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே
ஒருக்களித்துப் படுக்கலாம்.
ஒரு வாரம் என்று சொல்லி வந்த வாரத்துக்கு
இன்றோடு பதினேழு நாள்.
பெரியம்மா ஒன்றும் சொல்வதில்லை.
டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைக்கிறார், அவ்வளவுதான்.

புரோக்கர் சவரி அண்ணனின் மொபெட்டில்
பின் சீட்டுக்குப் பஞ்சு கிடையாது.
வீடு அமைந்தால் அரை மாத வாடகை அவருக்கு,
அமையாவிட்டால் பெட்ரோல் என்னுடையது.
"இந்தப் பக்கம் வூடு சீப்பும்மா" என்றார் முதல் நாள்.
மூன்றாம் நாள் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

பழைய வண்ணாரப்பேட்டைச் சந்து ஒன்றில்
பூட்டைத் திறப்பதற்குள் பத்து மாத அட்வான்ஸ்.
உதவித்தொகை இன்னும் வரவில்லை என்றேன்.
வரட்டும், அப்புறம் நீ வா என்று
திறந்த பூட்டைப் பூட்டினார்கள்.

ராயபுரத்துக்காரர் நல்லவர். மோர் கொடுத்தார்.
எந்த ஊர் என்றார்.
உளுந்தூர்பேட்டைப் பக்கம்.
ஊருக்குள்ளேயா, கொஞ்சம் தள்ளியா என்றார்.
அப்பாவுக்கு என்ன வேலை என்றார், குலதெய்வம் எது என்றார்,
கேட்காமல் விட்ட ஒன்றை
என் மோர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தபடி
"ஆமா, நீங்க என்ன…" என்று இழுத்தார்.

கெமிஸ்ட்ரி, என்றேன்.

அவர் மனைவி சிரித்துவிட்டாள்.
சிரித்ததற்காக உள்ளே போனாள்.
நாளைக்குச் சொல்கிறோம் என்றார்கள்.
அந்த நாளை இன்னும் விடியவில்லை.
இரவு ஃபோனில் அம்மா ஒன்று மட்டும் கேட்டாள்:
டம்ளரை நீ கழுவி வெச்சியா, அவங்க எடுத்துக்கிட்டாங்களா?

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
பின்னால் கன்டெய்னர் லாரிகள், முன்னால் கூட்ஸ்.
சவரி அண்ணன் பெட்டிகளை எண்ணினார்.
நாப்பத்திரண்டு, எல்லாம் கரி, என்றார்.
அந்தக் கரி எரிந்து மீந்த சாம்பல்
ஆற்றை என்ன செய்கிறது என்று பார்க்கத்தான்
நான் வந்திருக்கிறேன்.
சொன்னேன்.
"அதுக்கு ஒரு படிப்பா" என்று வண்டியை உதைத்தார்.

கேட்டுக்கு அந்தப் பக்கம், மாவு மெஷினுக்கு மேலே ஓர் அறை.
ரயில் போனால் ஜன்னல் பேசும்.
கதவு மூட வேண்டுமானால் தோளால் இடிக்க வேண்டும்.
கிருபையக்கா கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டே
ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.
"ராவுல எத்தினி மணிக்குத் தூங்குவே?"

நல்ல பெண் எத்தனை மணிக்குத் தூங்குவாள் என்று
ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு உண்மையைச் சொன்னேன்.
மூணு ஆயிடும்க்கா. படிப்பேன்.
சில நாள் படிக்காமலே மூணு ஆயிடும்.
சவரி அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அவள் முகம் மலர்ந்தது.
"ரெண்டரைக்குத் தண்ணி வுடுவான். இருவது நிமிசம்.
கீழ நாலு வூடு. நான் நாலு மணிக்கு மெஷின் போடணும்.
முன்னாடி இருந்தவன் கும்பகர்ணன்,
ரெண்டு நாள் ஒருத்தரும் குளிக்கல.
நீ முழிச்சிக்கினு இரு. வந்தா தட்டு.
வாடகைல ஐந்நூறு கொறச்சிக்கோ."

என் தூக்கமின்மைக்கு
இதுவரை மாத்திரைதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் ராத்திரி. நோட்டு திறந்திருந்தது, காது குழாயில்.
முதலில் இருமல், பிறகு வெறும் காற்று,
பிறகு துருவின் நிறத்தில் ஒரு கோடு.
செருப்பில்லாமல் இறங்கி ஓடினேன்.
எந்த வீட்டில் யார் என்று தெரியாது.
முதல் கதவைத் தட்டினேன்.

"யாரு?"

பதினெட்டு நாளாக
இந்தக் கேள்விக்கு ஊர், அப்பா, சாமி, கெமிஸ்ட்ரி
என்று பதில் வைத்திருந்தவள்
ஒரு நொடி நின்றேன்.

தண்ணி, என்றேன்.

தாழ்ப்பாள் விழுந்தது.
இருட்டிலிருந்து ஒரு கை
மஞ்சள் குடமொன்றை என்னிடம் நீட்டியது,
முகத்தைக்கூடப் பார்க்காமல்,
"மொத ரெண்டு குடம் கீழ ஊத்திடு" என்று.